முக்காலி உட்கார்ந்திருந்தது, அம்மா நின்றுகொண்டிருந்தார்: மலை ரயிலில் இடம் யாருக்கு?

குளிர்காற்று (அரவங்காடு) | சனி, இரவு 8.50

வணக்கம். இங்கே நெடுநாளாக வாசிக்கிறேன், எழுதுவது குறைவு. இன்று மனம் ஆறவில்லை.

அம்மாவுக்கு வயது 76. மாதம் ஒரு முறை கண் பரிசோதனைக்காக ஊட்டிக்குக் கூட்டிப்போகிறேன். பஸ் என்றால் நான்காவது வளைவிலேயே அவருக்குத் தலை சுற்ற ஆரம்பித்துவிடும். ரயில் ஒத்துக்கொள்ளும். அப்பா கார்டைட் ஃபேக்டரியில் வேலை பார்த்த காலம் முழுக்க, எங்கள் வீட்டில் ஊட்டிக்குப் போவது என்றாலே ரயிலில் போவதுதான். ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு அது பொம்மை ரயில். எங்களுக்கு ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் போகிற வண்டி.

இன்று அரவங்காட்டில் முன்பதிவில்லாத பெட்டியில் ஏறினோம். குன்னூரிலேயே ஏறிவிட்ட ஒரு குடும்பம் ஒரு பக்கப் பலகை முழுவதையும் எடுத்துக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் ஸ்வெட்டர்களும் தொப்பிகளும் குவிந்திருந்தன. ஜன்னலோரத்தில் செல்போனைப் பொருத்திய முக்காலி ஒன்று, கால்களைப் பரப்பிக்கொண்டு, பெல்ட் போடாத குறையாக உட்கார்ந்திருந்தது. வழி நெடுகப் படம் எடுக்கிறதாம். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் குடும்பத்தில் ஒருவர் அம்மாவைப் பார்த்தார், செல்போனைப் பார்த்தார், பிறகு வெளியே பார்த்தார். கேத்தியில் எதிர்ப்பலகையிலிருந்து ஒருவர் இறங்கிய பிறகுதான் அம்மாவுக்கு இடம் கிடைத்தது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: நான் வாய் திறந்து கேட்கவில்லை. கண்ணுக்கு நேரே ஒரு வயதானவர் நிற்கும்போது கேட்க வேண்டிய தேவையே வரக் கூடாது என்பது என் எண்ணம். தவறா?


மலைச்சரிவு (குன்னூர்) | சனி, இரவு 9.15

தவறே இல்லை. ஏப்ரல், மே வந்துவிட்டால் குன்னூரில் நாம் வாடகைக்கு இருப்பவர்கள் மாதிரிதான். பால் வாங்கப் போனாலும் போக்குவரத்து நெரிசல். காருக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வைத்தார்களே, ரயிலுக்கும் வைக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு பெட்டியை ஒதுக்குங்கள். அதில் முக்காலிக்கு அனுமதி இல்லை என்று எழுதிப்போடுங்கள்.


மதுரைப் பயணி | சனி, இரவு 10.05

குளிர்காற்று, உங்கள் அம்மாவுக்கு நடந்ததற்கு வருந்துகிறேன். ஆனால் மலைச்சரிவுக்கு ஒரு வார்த்தை: வெளியூர்க்காரர்கள் எல்லாரையும் ஒரே மூட்டையாகக் கட்ட வேண்டாம்.

நான் சென்ற டிசம்பரில் குடும்பத்தோடு மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறியவன். அந்த டிக்கெட்டுக்காக மூன்று முறை முயன்றேன், மூன்று முறையும் காத்திருப்போர் பட்டியல்தான். நான்காவது முறை உறுதியானது. காலை 7.10 வண்டிக்கு ஐந்து மணிக்கே குழந்தைகளை எழுப்பி, பல் துலக்க வைத்து, நடுங்க நடுங்க நடைமேடைக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். என் மகளுக்கு ஜன்னலோர இடம் என்று டிக்கெட்டிலேயே இருந்தது. உள்ளே போனால், அங்கே ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். நானாவது கேட்டேன். 'சின்னப் பிள்ளைதானே, மடியில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கிருந்தே தெரியும்' என்றார். பேச்சை வைத்துப் பார்த்தால் உங்கள் பக்கத்து ஊர்க்காரர்தான்.

அந்தப் பெட்டியின் அமைப்பையும் எண்ணிப் பாருங்கள். மற்ற ரயிலில் பக்கத்தில் இருப்பவர் பிடிக்கவில்லை என்றால் எழுந்து கதவோரம் போய் நிற்கலாம். இங்கே ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு வழி கிடையாது. அறைக்கு அறை கதவு, எதிரெதிரே பலகை, முழங்காலோடு முழங்கால். கழிப்பறையும் இல்லை. ஏறினால் ஊட்டி வரை ஏறத்தாழ ஐந்து மணி நேரம் அந்த முகங்களோடுதான். என் மகள் குன்னூர் வரை அந்தப் பெரியவரின் காதை மட்டும்தான் பார்த்தாள். இறங்கும்போது, 'அப்பா, அந்தத் தாத்தா காதில் எத்தனை முடி இருக்கிறது தெரியுமா' என்று கேட்டாள். 46 கிலோமீட்டர் மலைப் பயணத்தில் அவள் கொண்டுவந்த நினைவு அது.


மலைச்சரிவு (குன்னூர்) | சனி, இரவு 10.12

காது முடிக்காக வருந்துகிறேன். ஆனால் நீங்கள் பொழுதுபோக்குக்கு வந்தீர்கள், குளிர்காற்றின் அம்மா வைத்தியத்துக்குப் போனார். இரண்டும் ஒன்றல்ல.


பத்துமணி விளக்கு (ஊட்டி, இப்போது சென்னை) | சனி, இரவு 11.40

மலை ரயிலுக்கு வருவதற்கு முன்னால், அதைப் பிடிக்க வருகிற நீலகிரி எக்ஸ்பிரஸைப் பற்றியும் பேச வேண்டாமா? மாதம் இரண்டு முறை அதில் வந்துபோகிறவன் நான்.

இரவு 10 முதல் காலை 6 வரை தூங்கும் நேரம் என்பது விதி. நடுப்படுக்கையை அந்த நேரத்தில்தான் விரிக்கலாம், மற்ற நேரத்தில் மடக்கிவிட வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் எட்டரைக்கு வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து, வண்டி நகர்ந்ததும் நடுப்படுக்கையை இழுத்து மாட்டிவிட்டு ஏறிப் படுக்கிறவர் ஒருவர் ஒவ்வொரு பெட்டியிலும் இருக்கிறார். கீழே இருப்பவர் கழுத்தை வளைத்துக்கொண்டு புளிசாதம் சாப்பிடுவார். மறுபக்கம், 11 மணி வரை கீழ்ப்படுக்கையில் உட்கார்ந்து செல்போனில் சத்தமாக ஏதோ பார்த்துக்கொண்டிருப்பவரால் நடுவில் இருப்பவர் படுக்க முடியாது. விதி ஒன்றுதான், அதை மீறுவதற்குத்தான் இரண்டு வழிகள்.

என் தனிப்பட்ட எதிரி அலாரம். ஈரோட்டில் இறங்குபவரின் அலாரம் முதலில் அடிக்கும். அவர் எழ மாட்டார், பெட்டி முழுவதும் எழுந்துவிடும். பிறகு திருப்பூர்க்காரர் அலாரம். அவர் அணைப்பார், ஐந்து நிமிடத்தில் அது மறுபடியும் அடிக்கும். பிறகு கோவை இறங்குபவர்கள். அவர்கள் குடும்பமாக வருவதால் நான்கு செல்போன்கள், நான்கு பாட்டுகள். மேட்டுப்பாளையம் வரை போகிற நாங்கள்தான் கடைசியாக இறங்குகிறவர்கள், முதலில் விழிக்கிறவர்கள். தலையணைக்கு அடியில் அதிர்வில் வைத்துக்கொண்டால் ஒருவருக்கும் தொந்தரவில்லை. இதைச் சொன்னபோது ஒருவர், 'எழாமல் போனால் நீங்கள் திருப்பூரில் இறக்கிவிடுவீர்களா' என்று கேட்டார். இறக்கிவிட்டேன். அவர் பையை நானே தூக்கிக் கொடுத்தேன்.


நெறியாளர் | ஞாயிறு, காலை 7.30

இழை நன்றாகப் போகிறது. உள்ளூர், வெளியூர் என்று ஒருவரை ஒருவர் குத்துவதை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.


சிவப்புக்கொடி (மேட்டுப்பாளையம்) | ஞாயிறு, காலை 9.20

மலை ரயிலில் பிரேக்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி, தங்கைகள் அனுமதித்தால் வெளியே நின்றவனின் கணக்கையும் சொல்கிறேன். நீங்கள் எல்லாரும் உள்ளே உட்கார்ந்து வழக்காடுகிறீர்கள். நாங்கள் பெட்டியின் முகப்பில், வெளியே, நின்றுகொண்டு போகிறவர்கள். பெட்டிக்கு ஓர் ஆள்.

கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த பட்டை இருக்கும். ஏற்றம் அவ்வளவு கடுமை, பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும். அதாவது மேலே போகும்போது வண்டியைப் பின்னாலிருந்து தள்ளும். ஆகவே டிரைவருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. முன்னால் பாறை விழுந்திருக்கிறதா, யானை நிற்கிறதா, மாடு படுத்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவன் முதல் பெட்டியின் முகப்பில் கொடியோடு நிற்கிறவன். பச்சை காட்டினால் வண்டி போகும், சிவப்பு காட்டினால் நிற்கும். நடுவில் இருக்கிற பிரேக்ஸ்மேன்கள் கண்ணால் கொடியையும் காதால் விசிலையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போது குகைக்கு வருகிறேன். வழியில் 16 குகைகள் என்பது கணக்கு. வண்டி நுழைந்ததும் உள்ளே ஒரே கூச்சல். குழந்தைகள் கத்தினால் நானும் சிரிப்பேன், அது அந்த வயதின் உரிமை. நாற்பது வயதுக்காரர் 'ஓ' என்று விடாமல் கத்துவதற்கு என்ன காரணம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. குகைக்குள் அந்தச் சத்தம் சுவரில் மோதி இரண்டு மடங்காகத் திரும்பும். கைக்குழந்தை மிரண்டு அழ ஆரம்பித்தால் அடுத்த குகை வரை நிற்காது. வெளியே நிற்கிற எங்களுக்கோ விசில் காதில் விழுமா விழாதா என்ற கவலை. விழாமல் போனதாக என் காலத்தில் நடந்ததில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நிற்பதே ஒரு வேலையாகிவிட்டது.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. வண்டி தண்ணீர் பிடிக்க ஹில்குரோவில் நிற்கும்போது ஒரு மாப்பிள்ளை வந்தார். புதுமணத் தம்பதி, கழுத்தில் புது மைனர் செயின். 'அண்ணா, கொடியைக் கொஞ்சம் கொடுங்கள், ஒரு போட்டோ' என்றார். எந்தக் கொடி என்று கேட்டேன். 'சிவப்பு, அதுதான் என் சட்டைக்குப் பொருத்தமாக இருக்கும்' என்றார். கொடுக்கவில்லை. அவர் கோபித்துக்கொண்டு குன்னூர் வரை என்னை முறைத்தார். அவர் மனைவி மட்டும் இறங்கும்போது, 'மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணா' என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தலையை வெளியே நீட்டுகிறவர்களுக்கும் ஒரு சொல். குகை அந்தக் காலத்து அளவில் குடைந்தது, 1899-ல் குன்னூர் வரை வண்டி ஓட ஆரம்பித்தபோது யாரும் கையில் குச்சி மாட்டிய செல்போனோடு வரவில்லை. சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கிற இடம் காற்றுக்கு மட்டும்தான்.


கேத்திப் பள்ளத்தாக்கு | ஞாயிறு, காலை 10.45

சிவப்புக்கொடி ஐயா, உங்கள் பதிவைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். 'பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி' என்றதை மாடிப்படியில் அளந்து பார்க்கிறார்கள்.

நான் கேத்தியிலிருந்து ஊட்டிக்குப் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. ஸ்டேஷனுக்கு ஓர் ஆள். குன்னூரில் ஏறுகிறவள் வெலிங்டன் வரை ஜன்னல், பிறகு அரவங்காட்டுக்காரி, பிறகு நான், லவ்டேலில் இன்னொருத்தி. யார் எழுதியது என்று தெரியாது. ஆனால் வண்டி நின்றதும் ஜன்னலோரத்தில் இருப்பவள் எழுந்துவிடுவாள், எழாவிட்டால் அவள் சாப்பாட்டுப் பாத்திரம் அன்று திறந்திருக்கும்.

எனக்கு இடத்தைவிட ஜன்னல் பலகைதான் பெரிய வழக்கு. டிசம்பரில் கேத்தி வந்ததும் பனிமூட்டம் உள்ளேயே நுழையும். படம் எடுப்பவர்களுக்கு அது கொண்டாட்டம். 'பாருங்கள், மேகம் கைக்கு வருகிறது!' என்பார்கள். பின்னால் ஆஸ்துமாக்காரர் ஒருவர் மப்ளரை மூக்குவரை இழுத்து மூடிக்கொண்டிருப்பார். சென்ற ஆண்டு அப்படி ஒருவருக்காக நான் கேட்டேன்: 'ஐயா, பெரியவருக்கு முடியவில்லை, பாதி இறக்கிக்கொள்ளலாமா?' முழுக்க இறக்கிவிட்டார்கள். பிறகு எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது, அவர்கள் பார்க்க வந்த பள்ளத்தாக்கை நானே மூடிவிட்டேன் என்று. ஐந்து நிமிடம் கழித்துப் பெரியவரே, 'நான் அந்தப் பக்கம் மாறி உட்கார்ந்துகொள்கிறேன், திறந்துவிடு அம்மா' என்றார்.

குளிர்காற்று, உங்களுக்குப் பதில் இதிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். கேட்டால்தான் நகர்கிறார்கள். கேட்காமலே நகர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தோடு நின்றுகொண்டே ஊட்டி வரை போக வேண்டியதுதான்.


மலைச்சரிவு (குன்னூர்) | ஞாயிறு, காலை 11.00

எல்லாவற்றையும் பாதிக்கப்பட்டவரே கேட்டுக் கேட்டு வாங்க வேண்டுமா? கை நீட்டிக் கேட்பதற்கு இது என்ன தர்மசத்திரமா?


கருப்புக்கோட்டு (கூடலூர்) | ஞாயிறு, பகல் 12.30

சத்திரம் அல்ல, சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது, மலைச்சரிவு. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 167-வது பிரிவை எடுத்துப் பாருங்கள். பெட்டியில் உள்ள வேறு பயணி ஆட்சேபித்தால் புகைபிடிக்கக் கூடாது என்றுதான் அதன் முதல் உட்பிரிவு தொடங்குகிறது. அபராதம் 100 ரூபாய் வரை. அதற்கு அடுத்த உட்பிரிவில் ரயில்வே நிர்வாகமே முழுத் தடை விதிக்கலாம் என்று இருப்பது வேறு விஷயம். முதல் வரி பக்கத்தில் இருப்பவரின் வாயை நம்பித்தான் நிற்கிறது.

155-வது பிரிவு இருக்கைச் சண்டைக்கானது. இன்னொருவருக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் உரிமையில்லாமல் உட்கார்ந்தால் ரயில்வே ஊழியர் எழுப்பிவிடலாம், 500 ரூபாய் வரை அபராதமும் உண்டு. மதுரைப் பயணியின் காது முடித் தாத்தா இதில் வருவார். ஒதுக்கப்படாத பெட்டியில் இன்னொருவர் ஏறுவதைத் தடுத்தால் 200 ரூபாய் வரை. முக்காலிக் குடும்பம் ஏறுவதைத் தடுக்கவில்லை, உட்காருவதைத்தான் தடுத்தது. சாமர்த்தியசாலிகள்.

படிக்கட்டில் தொங்குவதற்கு 156, காரணமில்லாமல் சங்கிலி இழுப்பதற்கு 141. இவற்றுக்கெல்லாம் 139 என்ற எண்ணைக் கூப்பிடலாம். ஆனால் அரவங்காட்டில் ஏறி ஊட்டியில் இறங்குகிற தூரத்துக்கு 139 எதற்கு? 'கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள்' என்பதற்குப் பிரிவு எண் கிடையாது. அபராதமும் கிடையாது.


கல்லாறு | ஞாயிறு, பிற்பகல் 3.10

எல்லாரும் ஜன்னலுக்கு உள்ளே இருப்பவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். ஜன்னலுக்கு வெளியே இருப்பவர்களுக்கும் ஒரு மரியாதை உண்டு.

ஹில்குரோவில் வண்டி நின்றதும் குரங்குகள் வரும். ஒருவர் பிஸ்கட் நீட்டுவார், படம் எடுப்பார், போய்விடுவார். அந்தக் குரங்கு அதற்குள் பழகிவிடும். அடுத்த ஜன்னலில் இருக்கிற குழந்தையின் கையில் இருக்கும் வடையும் தனக்குத்தான் என்று நினைக்கும். நான் கண்ணால் கண்டது: ஒரு பாட்டி மடியில் துணிப்பையில் மாத்திரை வைத்திருந்தார். தின்பண்டம் என்று நினைத்துப் பையோடு பிடுங்கிக்கொண்டு போய், மரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு அட்டையாகக் கிழித்துப் பார்த்து எறிந்தது. பிஸ்கட் கொடுத்தவர் கைதட்டிச் சிரித்தார். பாட்டிக்குச் சர்க்கரை மாத்திரை ஊட்டியில் தேடிப்பிடித்து வாங்க வேண்டியதாயிற்று.

குப்பையும் அப்படித்தான். ஒரு முறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாநிலம் முழுவதும் தடை வந்தது 2019 ஜனவரி 1 முதல். நீலகிரியில் அதற்கு வெகு காலம் முன்பே தடை. ஆனாலும் பொட்டலம் ஜன்னல் வழியாகத்தான் போகிறது. கீழே இருப்பது காடு, அதில் யானை நடக்கிறது. பஸ்ஸில் இருந்து எறிந்தால் யாராவது பொறுக்கவாவது வழி உண்டு. மலை ரயில் தடத்தில் பள்ளத்தில் விழுந்தது விழுந்ததுதான்.


பழனிமலை (கொடைக்கானல்) | ஞாயிறு, மாலை 5.00

உங்களுக்கு ரயில் இருக்கிறது, சண்டை போடுகிறீர்கள். எங்களுக்கு 'கொடைக்கானல் ரோடு' என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. பெயரை நம்பி இறங்கினால் கொடைக்கானல் அங்கிருந்து இன்னும் 80 கிலோமீட்டர். யார் வைத்த பெயரோ, தைரியசாலி.

எங்கள் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. வத்தலக்குண்டு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் யாருக்கு முகம் வெளுக்கிறதோ அவருக்கு ஜன்னல். கேட்க வேண்டாம், சொல்ல வேண்டாம். கையில் எலுமிச்சம்பழத்தை வைத்து மோந்துகொண்டிருப்பவரைப் பார்த்ததும் ஜன்னலோரத்தில் இருப்பவர் தானாக எழுந்துவிடுவார். கருணையால் அல்ல, சட்டையைக் காப்பாற்றிக்கொள்ள. கண்டக்டரே, 'அந்த அம்மாவுக்கு விடுங்கள்' என்று பின்னாலிருந்து குரல் கொடுப்பார்.

மலை ரயில் மெதுவாகப் போவதால் யாருக்கும் வாந்தி வருவதில்லை. அதுதான் உங்கள் ஊர்ப் பிரச்சினையின் வேர் என்று நினைக்கிறேன்.


பத்துமணி விளக்கு (ஊட்டி, இப்போது சென்னை) | ஞாயிறு, மாலை 5.25

இந்த இழையின் ஆகச் சிறந்த ஆராய்ச்சி.


மதுரைப் பயணி | ஞாயிறு, இரவு 8.15

துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே? மேட்டுப்பாளையத்தில் முன்பதிவில்லாத டிக்கெட் வாங்கியவர்கள் படும் பாட்டைப் பார்த்தேன். இருப்பதோ சில இடங்கள். ஒருவர் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டார், அடுத்தவர் அதன்மேல் பையைப் போட்டார். துண்டு முதலா, பை முதலா என்று வாக்குவாதம். அதற்குள் ஒரு கல்லூரிப் பையன் ஏறி இரண்டின்மேலும் உட்கார்ந்துவிட்டான். என்னைக் கேட்டால் ஆள் வந்த பிறகுதான் இடம். துண்டுக்கு டிக்கெட் கிடையாது, முக்காலிக்கும் கிடையாது.


மலைச்சரிவு (குன்னூர்) | ஞாயிறு, இரவு 8.40

துண்டு விஷயத்தில் உங்களோடு உடன்பட முடியாது. கழிப்பறை இல்லாத வண்டி என்று நீங்கள்தானே சொன்னீர்கள். குன்னூரில் என்ஜின் மாற்றுகிற நேரத்தில் இறங்கி ஓடுகிறவன் திரும்பி வரும்போது அவன் இடம் அவனுக்கு இருக்க வேண்டும். அதற்குத் துண்டுதான் சாட்சி. ஏறாதவனுக்குத் துண்டு கூடாது, இறங்கியவனுக்குத் துண்டு உண்டு. இதையாவது ஒப்புக்கொள்ளுங்கள்.


மதுரைப் பயணி | ஞாயிறு, இரவு 8.44

ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டிலும் அப்படி ஓர் அவசரம் நேர்ந்தது. துண்டு இல்லாததால் என் மகளின் பொம்மையை வைத்துவிட்டுப் போனோம். யாரும் உட்காரவில்லை.


சிவப்புக்கொடி (மேட்டுப்பாளையம்) | திங்கள், காலை 6.50

என்ஜின் மாற்றிய பிறகு குன்னூரில் வண்டி சற்றுப் பின்னோக்கி வந்து, பிறகு ஊட்டிப் பாதையில் ஏறும். ஊட்டி வரை பாதை போட்டது 1908-ல். அதற்கு முன்பு குன்னூர்தான் கடைசி ஸ்டேஷன், அதனால் அந்த அமைப்பு. தெரியாதவர்கள் வண்டி திரும்பிப் போகிறது என்று நினைத்து இறங்கப் பார்ப்பார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நல்லது. ஒரு பாட்டி, 'மேட்டுப்பாளையத்துக்கேவா போகிறது?' என்று அழாத குறையாகக் கேட்டதற்கு ஒரு விடலைக் கூட்டம், 'ஆமாம் பாட்டி' என்று சொல்லிச் சிரித்தது. குகைக் கூச்சலை மன்னித்தாலும் அதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.


கேத்திப் பள்ளத்தாக்கு | திங்கள், காலை 9.30

குளிர்காற்று, எங்கே போனீர்கள்? பற்றவைத்துவிட்டுக் காணாமல் போய்விட்டீர்களே.


குளிர்காற்று (அரவங்காடு) | நான்கு வாரம் கழித்து, சனி, இரவு 9.05

மன்னிக்கவும், எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். அடுத்த பரிசோதனை முடிந்து எழுதலாம் என்று காத்திருந்தேன். இன்று போய்விட்டு வந்தோம்.

அதே வண்டி, அதே கூட்டம். இந்த முறை திருச்சியிலிருந்து வந்த ஒரு குடும்பம். முக்காலி இல்லை, ஆனால் ஜன்னலோரத்தில் எட்டு வயதுப் பையன் செருப்போடு பலகைமேல் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு பெரிய பை உட்கார்ந்திருந்தது. ஏறியதும் கேட்டுவிட வேண்டும் என்று வீட்டிலிருந்தே ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். 'அம்மாவுக்கு உட்கார இடம் வேண்டும்' என்றேன். குரல் நான் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது. பெட்டியே திரும்பிப் பார்த்தது. அந்தப் பையனின் அப்பா பதறி எழுந்து, பையைத் தூக்கித் தன் காலடியில் வைத்து, 'கவனிக்கவில்லை அக்கா' என்றார். பையனையும் அதட்டி ஜன்னலிலிருந்து இறக்கினார். 'பாட்டி ஜன்னலோரம் உட்காரட்டும்' என்றார்.

அம்மா உட்காரவில்லை. 'எனக்கு எதற்கு அப்பா ஜன்னல்? கண்ணில் புரை, எல்லாம் வெள்ளையாகத்தான் தெரிகிறது. குளிர்தான் அடிக்கும். பிள்ளை பார்க்கட்டும்' என்று சொல்லிவிட்டுப் பை இருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நீங்கள் எல்லாரும் ஜன்னலுக்காக இத்தனை நாள் மல்லுக்கட்டியிருக்கிறீர்கள்.

பையன் செருப்பைக் கழற்றிவிட்டு முழந்தாளிட்டு உட்கார்ந்தான். சற்று நேரத்தில் அம்மா, 'இப்போது வளையும் பார், அப்புறம் கீழே தோட்டம் தெரியும்' என்றார். வளைந்தது, தெரிந்தது. 'பாட்டி, கண் தெரியாது என்றீர்களே' என்றான் அவன். 'சத்தம் மாறுகிறதே' என்றார் அம்மா. அதற்குப் பிறகு அவன் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் திரும்பி அம்மாவின் முகத்தையே பார்க்க ஆரம்பித்துவிட்டான். கேத்தி வருவதற்குள் அம்மா தூங்கிவிட்டார். பையன் என்னிடம் ரகசியமாக, 'எழுப்பட்டுமா?' என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

டாக்டர் அடுத்த மாதம் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்.


மலைச்சரிவு (குன்னூர்) | சனி, இரவு 9.20

நல்லபடியாக முடியட்டும். முடிந்த பிறகு அம்மா ஜன்னல் கேட்பார், பாருங்கள்.


குளிர்காற்று (அரவங்காடு) | சனி, இரவு 9.24

வரும் வழியிலேயே கேட்டுவிட்டார். எந்தப் பக்கம் உட்கார்ந்தால் பள்ளத்தாக்கு தெரியும் என்று அவருக்கு இப்போதே உறுதியாகத் தெரிய வேண்டுமாம்.